மூடி போட்ட பாதை: ஒரு பழைய ரயில் தடத்தை வாசித்தல்

1

கல்லூரியில் என்னோடு தமிழ் படித்த நண்பன் இப்போது அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்தில் இருக்கிறான். சில மாதங்களுக்கு முன் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். கூடவே நாலு வரி. "பக்கத்து மாநிலத்துக்கு சைக்கிள் ஓட்டப் போனோம்டா. 72 மைல் நீளத்துக்கு தார் போட்ட பாதை. கார், லாரி எதுவும் கெடயாது. பழைய ரயில் தடமாம். ஏரி, ஆறு, மலை, மான் எல்லாம் இருக்கு. ஆனா இந்தப் பலகையப் பாத்ததும் ஒன் ஞாபகம் வந்துச்சு. நீதான எதையும் சும்மா படிக்க மாட்ட."

பலகையில் இருந்ததன் சாரம் இது: பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

பூங்கா வாசலில் 'பூப் பறிக்காதே' என்று எழுதிப் பார்த்திருக்கிறோம். பூவை மனிதனிடமிருந்து காப்பாற்றுகிற பலகை அது. இந்தப் பலகை மனிதனை மண்ணிடமிருந்து காப்பாற்றுகிறது. ஓய்வுக்கும் உல்லாசத்துக்கும் என்று போட்ட பாதையில் மண்ணைத் தொடாதே என்று ஏன் எழுத வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. நான் அந்த இடத்துக்குப் போனதில்லை. ஆவணங்கள், தீர்ப்புகள், புகைப்படங்கள் வழியாகவே அதை வாசித்திருக்கிறேன். ஆகவே இது பயணக் கட்டுரை அல்ல, வாசிப்பு.

2

இடம் ஐடஹோ மாநிலத்தின் வடக்கு மூலை. பாதையின் பெயர் 'கோர் டலேன்களின் பாதை'. மேற்கே ப்ளம்மர் என்ற சிற்றூரில் தொடங்கி, ஏரியைக் கடந்து, ஆற்றங்கரையோடு கிழக்கே மலைக்குள் முல்லன் வரை போகிறது. கோர் டலேன் என்பது அங்கிருந்த பூர்வகுடிகளுக்கு பிரெஞ்சு வியாபாரிகள் வைத்த பெயர். குத்தூசி போன்ற நெஞ்சுக்காரர்கள் என்று பொருள். பேரம் பேசுவதில் கெட்டிக்காரர்கள் என்பதால் இப்படி ஒரு பட்டம். அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது ஸ்கீட்சுஉம்ஷ் என்று. 'இங்கே கண்டெடுக்கப்பட்டவர்கள்' என்பதுபோல அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். வியாபாரி வைத்த பெயர் வரைபடத்தில் ஏறியது. சொந்தப் பெயர் வீட்டுக்குள் தங்கிவிட்டது. இது நமக்குப் புதிதல்ல.

1885இல் அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளியும் ஈயமும் கலந்த பெரும் தாதுப்படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. பத்தாண்டுக்குள் சுரங்கங்கள், தாது அரைக்கும் ஆலைகள், கூலிகள், சங்கங்கள், துப்பாக்கிகள் எல்லாம் வந்துசேர்ந்தன. 1899இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு ரயிலைக் கைப்பற்றி, வெடிமருந்தை ஏற்றிக்கொண்டு போய் பங்க்கர் ஹில் கம்பெனியின் ஆலையைத் தகர்த்தார்கள். பதிலுக்கு ராணுவம் வந்தது. நூற்றுக்கணக்கான ஆட்களைக் கொட்டகைகளில் அடைத்து வைத்தது. தொழிற்சங்க வரலாறு படிக்கிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கை அறிந்திருப்பார்கள்.

தாதுவை வெளியே கொண்டுபோக ரயில் வேண்டும். 1880களின் கடைசியில் போடப்பட்ட தடம் பிறகு யூனியன் பசிபிக் கம்பெனியின் கிளைப் பாதையாக ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போட வேண்டுமல்லவா, பக்கத்திலேயே சுரங்கக் கழிவு மலைமலையாகக் கிடந்தது. அதை அள்ளிக் கொட்டினார்கள். செலவு மிச்சம். மேலே ஓடிய வண்டிகளிலிருந்து தாதுப்பொடி வழியெல்லாம் சிந்தியது. ஈயம், துத்தநாகம், காட்மியம், ஆர்சனிக். ஆக, அந்தத் தடம் விஷத்தின் மேல் போட்ட பாதை மட்டுமல்ல, தடமே விஷத்தால் கட்டப்பட்டது.

ஆலைகள் தங்கள் கழிவை நேராக ஆற்றில் விட்டன. 1968 வரை இது நடந்தது. மொத்தம் சுமார் 6 கோடி டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1973இல் கெல்லாக் ஊரின் ஈய உருக்காலையில் புகை வடிகட்டும் கூடம் தீப்பிடித்தது. ஆலையை நிறுத்தவில்லை. மறு ஆண்டு சோதித்தபோது ஆலையை ஒட்டி வாழ்ந்த குழந்தைகளில் அநேகமாக எல்லோருடைய ரத்தத்திலும் ஈயம் ஆபத்தான அளவில் இருந்தது. 1981இல் ஆலை மூடப்பட்டது. 1983இல் அந்த இடம் நாட்டின் மிக மோசமான மாசுத் தலங்களின் பட்டியலில் சேர்ந்தது. தாது இல்லாமல் ரயிலுக்கு வேலையில்லை. 1990களின் தொடக்கத்தில் கம்பெனி அந்தத் தடத்தைக் கைவிட அனுமதி கேட்டது.

3

'கைவிடுதல்' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று போவோம்.

அமெரிக்காவில் 1916இல் உச்சக்கட்டமாக சுமார் 2,54,000 மைல் ரயில் பாதை இருந்தது. லாரியும் நெடுஞ்சாலையும் வந்தபின் அது சுருங்கிக்கொண்டே வந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கிய இடங்களில் மக்கள் நடக்க ஆரம்பித்தார்கள். ரயில் தடம் நடைக்கும் சைக்கிளுக்கும் வாகானது. எஞ்சின் ஏறும் அளவுக்குத்தான் மேடு, வளைவுகள் மெதுவானவை, பாலமும் குகையும் ஏற்கனவே தயார். இன்று அப்படிப்பட்ட பாதைகள் 25,000 மைலுக்கு மேல் இருக்கின்றன.

சிக்கல் நிலத்தில். ரயில் கம்பெனிகளுக்குப் பல இடங்களில் நிலம் சொந்தமாக இல்லை, அதன்மேல் ரயில் ஓட்டிக்கொள்ளும் உரிமை மட்டுமே இருந்தது. ரயில் நின்றால் உரிமையும் செத்துவிடும், நிலம் பக்கத்து வயல்காரருக்குப் போய்விடும். நூறு மைல் தடம் நூறு துண்டாகிவிடும். ஒருமுறை துண்டானால் மறுபடி ஒட்ட முடியாது. இதைத் தடுக்க 1983இல் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கம்பெனி தடத்தைக் கைவிட வரும்போது, ஏதாவது ஒரு அரசு அமைப்போ சங்கமோ முன்வந்து வரியையும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டால், அந்தத் தடம் கைவிடப்பட்டதாகக் கருதப்படாது. பின்னால் ஒருநாள் ரயில் தேவைப்படலாம் என்று அது சேமித்து வைக்கப்படும். நடைபாதை என்பது இடைக்கால உபயோகம்.

அதாவது, தண்டவாளம் இல்லை, கட்டை இல்லை, ரயில் இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ரயில் பாதை. அருமையான புனைவு! எதார்த்தவாதிகள் கவனிக்க வேண்டும். பக்கத்து நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990இல் உச்ச நீதிமன்றம் இந்தப் புனைவு செல்லும் என்றது, நஷ்டஈடு கேட்கலாம் என்றும் சொன்னது. இப்படிச் சேமிக்கப்படாமல் உண்மையாகவே கைவிடப்பட்ட தடம் ஒன்றில், 2014இல் வயோமிங் மாநிலத்து நிலக்காரர் ஒருவர் அரசாங்கத்தையே எதிர்த்து ஜெயித்தார்.

இந்த வழக்குகளைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. நிலம் யாருக்குத் 'திரும்பும்' என்று எவ்வளவு நுணுக்கமாக வாதாடுகிறார்கள்! ஆனால் அந்தத் திரும்பும் பயணம் முதல் வெள்ளைக்காரப் பட்டாவோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் போவதில்லை. ரயிலுக்கு, இல்லாத ரயிலுக்கு, திரும்பி வரும் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இடம்பெயர்க்கப்பட்ட ஜனங்களுக்கு எழுதப்படவில்லை.

4

கோர் டலேன் தடத்துக்கு வருவோம். இதுவும் மேற்படி சட்டப்படி சேமிக்கப்பட்ட தடம்தான். ஆனால் இங்கே இன்னொரு தரப்பும் மேசையில் உட்கார்ந்தது. 1991இல் கோர் டலேன் பழங்குடி அமைப்பு சுரங்கக் கம்பெனிகள்மேல் வழக்குத் தொடுத்திருந்தது. ஆற்றையும் ஏரியையும் கெடுத்ததற்குப் பதில் சொல் என்று. மத்திய அரசும் பின்னால் சேர்ந்துகொண்டது. ரயில் கம்பெனியோடு 2000இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பழங்குடியினர், ஐடஹோ மாநிலம், மத்திய அரசு, கம்பெனி, நான்கு தரப்பும் கையெழுத்திட்டன. கம்பெனியின் செலவில் தடம் சுத்தப்படுத்தப்படும். மிக மோசமான இடங்களில் மண்ணை அள்ளுவார்கள். மற்ற இடங்களில் மேலே தார் போட்டு, இருபுறமும் சரளை போட்டு மூடிவிடுவார்கள். மூடி மீதுதான் சைக்கிள் ஓடும். 2004இல் பாதை திறக்கப்பட்டது.

ஆக, மக்கள் நடப்பதற்காகப் போட்ட தார் அல்ல அது. விஷத்துக்குப் போட்ட மூடி. அதன்மேல் மக்கள் நடக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது தெரிந்த அன்று ராத்திரியே நான் கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். எப்படிப்பட்ட கட்டுரை என்று சொல்ல வேண்டியதில்லை. உழைப்பையும் சாவையும் ஓய்வு என்ற கதையாடல் எப்படி மூடி மறைக்கிறது, தாருக்கு அடியில் புதைந்த மௌனம், மூலதனத்தின் ஞாபகமறதி இத்யாதி. கைக்குப் பழகிய சொற்கள். இருபது வருஷமாக நாம் இதைத்தானே செய்கிறோம்: மூடியைத் திற, திரையைக் கிழி, அடியில் இருப்பதை வெளியே கொண்டுவா. நண்பனுக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டான்.

"எல்லாம் சரிடா. ஆனா மூடியத் தொறன்னு சொல்றியே, தொறந்தா அந்த ஈயம் எங்க போகும்? காத்துல வரும், தண்ணில வரும். எம் புள்ள மூக்குல போகும்."

என்னிடம் பதில் இல்லை. கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

விமர்சனத்தில் நாம் உபயோகிக்கிற உருவகங்கள் அப்பாவியானவை அல்ல. தோண்டினால் உண்மை வரும் என்று நம்புகிறோம். சில இடங்களில் தோண்டினால் விஷம்தான் வரும், அதுவும் ஏற்கனவே அதைத் தின்றவர்களின் வீட்டுக்கே வரும். அப்படியானால் மூடிவிட்டு சும்மா இருப்பதா? அதுவும் இல்லை. எனக்குப் படுவது இது: மூடுவது வேறு, மறைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் என் முதல் கட்டுரையின் தவறு. வித்தியாசம் எங்கே இருக்கிறது? அந்தப் பலகையில்தான் இருக்கிறது. பலகை இல்லாவிட்டால் தார் மறைக்கிறது. பலகை இருக்கும்வரை தார் மூடியிருக்கிறது. 'இங்கே அடியில் இன்னது இருக்கிறது, இன்ன காரணத்தால் இருக்கிறது' என்று சொல்கிற மூடி, சொல்லாத மூடி என்று இரண்டு உண்டு.

மூடிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஒருமுறை போட்டதோடு முடிவதில்லை. மர வேர் தாரைப் பிளக்கும். வசந்த வெள்ளம் ஆற்றின் அடிமண்ணைக் கொண்டுவந்து பாதைமேல் கொட்டும். யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பேரப்பிள்ளைகள் காலத்திலும் பார்க்க வேண்டும். ப்ளம்மரிலிருந்து ஹாரிசன் வரை, தங்கள் எல்லைக்குள் வரும் சுமார் 15 மைலைப் பழங்குடியினரே நிர்வகிக்கிறார்கள், மீதியை மாநிலம். பறித்த நிலம் திரும்பி வந்துவிட்டது என்று இதைக் கொண்டாட முடியாது. விஷத்துக்குக் காவல் இருக்கிற வேலைதான் வந்திருக்கிறது. ஆனாலும் அந்தக் காவல் யார் கையில் என்பது சின்ன விஷயமல்ல.

5

ஏன் சின்ன விஷயமல்ல என்பதற்கு அந்தத் தடத்தின் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது.

1873இல் அமெரிக்க ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று பழங்குடியினருக்கென்று ஒரு எல்லையை வகுத்தது. ஏரியின் பெரும்பகுதி அதற்குள் இருந்தது. பிறகு ஒப்பந்தங்கள்மூலம் வடபகுதி போயிற்று. மிச்சமிருந்த ஏரியின் அடித்தளம் யாருக்குச் சொந்தம்? தண்ணீருக்கு அடியில் இருப்பது எங்களுடையது என்றது ஐடஹோ மாநிலம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஏரியின் தெற்குப் பகுதியும் அதில் சேரும் ஆற்றின் ஒரு பகுதியும் பழங்குடியினருக்கே உரியவை என்று தீர்ப்பு வந்தது.

நீதிமன்றம் பார்த்த பல சான்றுகளில் ஒன்று இந்த ரயில் பாதைக்கான 1888ஆம் வருஷத்து அனுமதி. ஐடஹோ அப்போது மாநிலமாகக்கூட ஆகவில்லை. ரயில் அந்த எல்லைக்குள் போக வேண்டும், தண்ணீரின் ஒரு பகுதியையும் கடக்க வேண்டும். காங்கிரஸ் அனுமதி கொடுத்தபோது, பழங்குடியினரின் சம்மதம் வாங்க வேண்டும், ஈட்டுத்தொகை அவர்களுக்கு மட்டுமே தர வேண்டும் என்று எழுதியது. அவர்களுக்கு மட்டும் பணம் கொடுக்கச் சொன்னால், அது அவர்களுடையது என்று ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்? நூற்றிப் பதின்மூன்று வருஷம் கழித்து அந்த வரி பேசியது.

உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் மாற்றிய ரயில், தான் நுழைவதற்கு முன் யாரிடம் கேட்டது என்பதையும் தாளில் விட்டுப்போயிருக்கிறது. அதிகாரத்தின் ஆவணத்தை அதற்கு எதிராக வாசிப்பது பற்றி நாம் கூட்டம் கூட்டமாகப் பேசியிருக்கிறோம். இங்கே ஒரு சிறிய சமூகம், பேசாமல், அதைச் செய்து காட்டியிருக்கிறது. தாரை அவர்கள் தோண்டவில்லை, தாளைத் தோண்டினார்கள். எதை மூட வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

6

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. பாதையின் தாருக்கு வெளியே ஆறு இருக்கிறது, சதுப்பு நிலம் இருக்கிறது, அவற்றுக்கு மூடி இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் வடக்கே போகிற துந்திரா அன்னங்கள் அங்கே இறங்கி, சேற்றைக் கிளறி நீர்க்கிழங்கைத் தின்கின்றன. சேற்றோடு ஈயமும் உள்ளே போகிறது. வருஷந்தோறும் செத்து மிதக்கின்றன. அந்த நீர்க்கிழங்கு ஸ்கீட்சுஉம்ஷ் மக்களின் பழைய உணவு. இப்போதும் இலையுதிர்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஏரிக்கரையில் அதைத் தோண்டக் கற்றுத்தருகிறார்கள். ஆனால் எந்தச் சேற்றில் தோண்டலாம், எதில் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

சுரங்கக் கம்பெனிகளில் ஒன்று 2011இல் 26 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. பணம் பெரிதுதான். சேறு அதைவிடப் பெரிது.

நண்பனிடம் கடைசியாகக் கேட்டேன், மறுபடி அங்கே போவாயா என்று. போன ஞாயிற்றுக்கிழமைகூடப் போனதாகச் சொன்னான். மகள் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, ஏன் கை கழுவணும் என்று கேட்டாளாம். 1885இலிருந்து சொல்ல வேண்டியிருந்தது என்றான்.