ஊரோடு பேசும், மெக்கானிக்கிடம் மட்டும் எழுதிக் காட்டும் இயந்திரம் தெரியுமா?

'நீங்கள் அழைத்தவர் இருக்கையில் இல்லை, பீப் ஒலிக்குப் பிறகு பேசுங்கள்!' 1980களிலும் 90களிலும் அமெரிக்க, கனடா அலுவலகங்களில் வாய்ஸ்மெயில் இயந்திரம் ஓயாமல் இப்படிப் பேசிக்கொண்டிருந்தது. ஊர்க்குரலை எல்லாம் வாங்கி வைத்துத் திருப்பிச் சொன்ன அந்த வாயாடி, பழுதுபார்க்க வந்தவரிடம் மட்டும் வாயே திறக்காது! 'டெர்மினல்' என்ற திரையில் பச்சையிலோ மஞ்சளிலோ எழுதித்தான் காட்டும். தெரியுமா?

வாய்ஸ்மெயிலுக்கு 1979இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் அமெரிக்கர் கார்டன் மேத்யூஸ். கிடைத்தது 1983 பிப்ரவரியில். டெக் என்ற கணினி நிறுவனத்தின் விடி220 டெர்மினல் வெளிவந்ததும் அதே 1983இல்தான்! பின்னாளில் கனடாவின் நார்தர்ன் டெலிகாம் விற்ற 'மெரிடியன் மெயில்' வாய்ஸ்மெயிலை நிர்வகிக்க, அந்த விடி220 ரகத் திரையைத்தான் மாட்டினார்கள்.

மாட்டும் கேபிளின் முனையில் 25 ஊசிகள். ஆனால் எழுத்து போய்வர மூன்றே மூன்று கம்பிகள் போதும்! 2ஆம் ஊசியில் டெர்மினல் அனுப்பும், 3இல் வாங்கும், 7 பொதுத் தரை. தொலைபேசிக் கம்பி வழியே தகவல் அனுப்பும் மோடத்தோடு இணைத்தால் சிக்கலே இல்லை. அது 2இல் கேட்டு 3இல் பதில் சொல்லும்படி செய்யப்பட்டது. எதிர்முனையும் டெர்மினல் போலவே 2இல் அனுப்பும் கருவியாக இருந்தால்தான் வேடிக்கை. இரண்டும் ஒரே கம்பியில் அனுப்பும், ஒரே கம்பியில் காத்திருக்கும், திரையோ காலி! 2ஐயும் 3ஐயும் மாற்றிப் போட்ட கிராஸ் கேபிளைச் செருகினால் சட்டென்று எழுத்து வரும். தவறாக மாட்டினால் புகைந்துவிடாதா? புகையாது. எந்த இரண்டு கம்பி ஒட்டினாலும் கருவி தாங்க வேண்டும் என்று இந்த இணைப்புக்கான ஆர்எஸ்-232 தரநிலையே சொல்கிறது. 1960இல் பிறந்த தரநிலைக்கு இவ்வளவு முன்யோசனை!

அதன் இன்னொரு விசித்திரம்: அந்தக் கம்பியில் '1' என்றால் மைனஸ் வோல்ட், '0' என்றால் பிளஸ் வோல்ட்! யாரும் எதுவும் அனுப்பாத நேரத்தில்கூட கம்பி மைனஸில்தான் இருக்கும். பிளஸ்ஸிலேயே ஓர் எழுத்தின் நேரத்தைத் தாண்டி நின்றுவிட்டால் அதற்கு 'பிரேக்' என்று பொருள். இது தந்திக் காலத்துச் சொத்து. சன் என்ற கணினி நிறுவனத்தின் யூனிக்ஸ் சர்வர்கள் இந்தச் சைகைக்கு அப்படியே கட்டுப்பட்டன. டெர்மினலை அணைத்தாலே சில சமயம் 'பிரேக்' போய், மொத்த சர்வரும் நின்றுவிட்டது! திரையை அணைத்தவர் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி வேகம். பரவலாக வைப்பது 9600 பாட் (பிரெஞ்சு தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயர்தான் அது). ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் வரும் அடையாளங்களையும் சேர்த்து 10 பிட், ஆக வினாடிக்கு 960 எழுத்து. 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரை நிரம்பச் சரியாக 2 வினாடி. தொலைபேசிக் குரலோ, சுருக்காமல் வைத்தால் வினாடிக்கு 64,000 பிட்! முன்பின் அடையாளங்களையும் சேர்த்தால், ஒரே ஒரு வினாடிப் பேச்சை அந்தக் கேபிளில் அனுப்ப 8 வினாடிக்கு மேல் ஆகும். குரல் தொலைபேசி இணைப்பிலேயே போய்வர, பராமரிப்புக் கம்பியில் எழுத்து மட்டும் ஓடியதில் வியப்பென்ன? இரு முனையிலும் வேகம் ஒத்துப்போகாவிட்டால் அந்த எழுத்தும் கோணல்மாணல் குறிகளாகத்தான் கொட்டும்.

டெர்மினலை மாட்டும் இதே போர்ட்டில் ஒரு மோடத்தை மாட்டிவிட்டால், நூறு மைல் தொலைவில் இருந்தபடியே பழுதுபார்க்கலாம். அபாரம்தான். ஆனால் அந்த மோடத்தின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்த திருடனுக்கும் அதே வாசல்! அதனால்தான் அழைத்தவரை உள்ளே விடாமல் இணைப்பைத் துண்டித்து, ஏற்கெனவே பதிந்த எண்ணுக்குத் தானே திருப்பி அழைக்கும் மோடங்கள் வந்தன. கடவுச்சொல்லை மட்டும் நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

விடி220 ஓய்வுபெற்றுவிட்டது, நார்தர்ன் டெலிகாம் நார்டெல் என்று பெயர் மாறி 2009இல் திவால் மனு கொடுத்தது. ஆனால் டெர்மினல்களின் கட்டளைகள் சாகவில்லை! இன்றைய லினக்ஸின் கறுப்புத் திரைகூட அவற்றுக்குப் பதில் சொல்கிறது. கன்ட்ரோலோடு எஸ் அழுத்தினால் அன்று எழுத்து நிற்கும். இன்றும் பல லினக்ஸ் திரைகளில் நிற்கிறது. தெரியாமல் அழுத்திவிட்டு 'ஹேங் ஆகிவிட்டது' என்று கணினியை அணைத்துவிடாதீர்கள். கன்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்து அழுத்துங்கள், விட்ட இடத்திலிருந்து ஓடும்!