கூரை ஒழுகினால் யார் செலவு? இங்கிலாந்தின் இடைக்காலக் கிராமத் தேவாலயம்

இங்கிலாந்தின் இடைக்காலக் கிராமத் தேவாலயம் அடிப்படையில் இரண்டே அறைகள் கொண்ட கட்டடம். மேற்கே பெரிய அறை, கிழக்கே சிறிய அறை, நடுவில் ஒரு கல் வளைவு. பெரிய அறைக்கு நேவ் என்று பெயர். ஊர்மக்கள் நிற்கும் இடம் அது. சிறிய அறை சான்சல். பலிபீடம் இருப்பதும் பாதிரியார் திருப்பலி நிறைவேற்றுவதும் அங்கேதான். தடுப்பு அழி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது சான்சல் என்ற பெயர். மறிக்கப்பட்ட இடம் என்பதை அறையின் பெயரே சொல்லிவிடுகிறது.

இந்தப் பிரிவினை வழிபாட்டோடு நிற்கவில்லை, பணத்திலும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற ஆங்கிலத் திருச்சபை வழக்கப்படி, சான்சலின் கூரை ஒழுகினால் அந்தப் பங்கின் (தேவாலயத்துக்கு உட்பட்ட ஊரின்) தசமபாக வருமானத்தைப் பெறும் ரெக்டர் செலவு செய்ய வேண்டும். நேவ் ஒழுகினால் ஊரார் செலவு செய்ய வேண்டும். ஒரே கட்டடத்துக்கு இரண்டு பொறுப்பாளிகள். ஊர் செழித்த காலத்தில் நேவ் உயர்ந்து அகன்றிருக்க, சான்சல் மட்டும் பழைய தாழ்ந்த கூரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தேவாலயங்கள் இங்கிலாந்தில் ஏராளம். இடைக்காலத்தைச் சேர்ந்த பங்குத் தேவாலயங்கள் அங்கே இன்றும் எட்டாயிரத்துக்கு மேல் நிற்கின்றன.

ஹெரிஃபோர்டுஷையரில் உள்ள கில்பெக் தேவாலயம் இந்த அமைப்பின் தொடக்க வடிவத்தை அதிகம் மாறாமல் காட்டுகிறது. ஏறத்தாழ 1140இல் செம்மணற்கல்லால் கட்டப்பட்டது. நேவ், சான்சல், அதற்கும் கிழக்கே அரைவட்டமாக வளைந்த ஒரு முடிவறை என மூன்று பகுதிகள் வரிசையாக நிற்கின்றன. சுவர் கனமானது, சன்னல் சிறியது. வெளிப்பக்கம் ஒடுங்கி உள்பக்கம் விரியும்படி சன்னலைச் சரிவாக வெட்டியிருப்பார்கள். கண்ணாடி விலையுயர்ந்த காலத்தில் சிறு துளை வழியாக வரும் ஒளியைப் பரப்ப அதுவே வழி.

கில்பெக்கின் புகழ் அதன் சிற்பங்களால் வந்தது. தெற்கு வாசலின் மேல் அரைவட்டத்தில் வாழ்வின் மரம் கொடியாகச் சுருள்கிறது. தூண்களில் பாம்புகளும் கால்சட்டை அணிந்த வீரர்களும் பின்னிக் கிடக்கிறார்கள். கூரையின் கீழ் விளிம்பைச் சுற்றித் தலைகளும் விலங்குகளுமாக எண்பதுக்கு மேற்பட்ட தாங்குகற்கள். ஒன்றில் நாயும் முயலும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. இன்னொன்றில் தன் பிறப்புறுப்பை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் பெண். ஷீலா-ந-கிக் எனப்படும் உருவம். அது காமத்துக்கு எதிரான எச்சரிக்கையா, தீங்கை விரட்டும் காவலா என்ற விவாதம் ஓயவில்லை. நாயையும் முயலையும் செதுக்கிய கை வெறும் எச்சரிக்கைக்காக மட்டும் உளி பிடித்ததாக நம்புவது கடினம்.

இன்றைய பயணி கற்சுவரைப் பார்த்து இடைக்கால எளிமை என்று வியப்பதுண்டு. உண்மை வேறு. ஒழுங்கற்ற கற்களை அடுக்கிக் கட்டிய சுவரைச் சுண்ணாம்புக் காரை பூசி மறைத்துவிடுவார்கள். உள்ளே அந்தப் பூச்சின்மேல் ஓவியம் நிறைந்திருக்கும். குளோஸ்டர்ஷையரில் கெம்ப்லி என்னும் சிற்றூரின் பழைய தேவாலயத்தில் சான்சலின் வளைந்த கூரை முழுவதும் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஓவியம்: நடுவில் அரியணையில் கிறிஸ்து, இரு பக்கமும் அண்ணாந்து பார்க்கும் பன்னிரு அப்போஸ்தலர்கள். நேவ் பகுதியிலும் எங்கே எதை வரைவது என்பதில் ஒரு வழக்கம் இருந்தது. நடு வளைவின் மேல் இறுதித் தீர்ப்பு. மக்கள் திருப்பலி நேரம் முழுவதும் நரகத்தின் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்தோபர். அவர் உருவத்தைப் பார்த்தவருக்கு அன்று திடீர்ச் சாவு வராது என்று நம்பினார்கள். வயலுக்குப் போகிறவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலே போதும்.

அந்த வாசலின் அருகே ஞானஸ்நானத் தொட்டி இருக்கும். திருச்சபைக்குள் நுழையும் சடங்கு கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே நடக்கிறது. குழந்தையை முழுக்கி எடுக்கும் அளவுக்குப் பெரிய கல் தொட்டி. சில ஊர்களில் ஈயத்தால் வார்த்தது. மந்திரித்த தண்ணீரைத் தொட்டியிலேயே வைத்திருந்ததால் சூனியத்துக்காகத் திருடுவோர் உண்டு. தொட்டியை மூடிப் பூட்டி வைக்க வேண்டும் என்று கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் 1236இல் ஆணையிட்டார். பல தொட்டிகளின் விளிம்பில் பூட்டுக் கொண்டி பதித்த வடு இன்னும் இருக்கிறது.

நேவுக்குள் இருக்கைகள் கிடையாது. மண் தரை, அதன்மேல் கோரை அல்லது வைக்கோல். முதியவர்கள் சுவரோரக் கல்திண்ணையில் உட்காருவார்கள், மற்றவர்கள் நிற்பார்கள், மண்டியிடுவார்கள். சர்ரேயின் டன்ஸ்ஃபோல்டில் உள்ளதுபோல 13ஆம் நூற்றாண்டுப் பெஞ்சுகள் மிக அரிது. 15ஆம் நூற்றாண்டில்தான் அவை பரவலாயின. பிரசங்க மேடையும் பெரும்பாலும் அதே காலத்து வரவு. அவற்றைவிடப் பழையது பெட்டி. சிலுவைப்போருக்கான காணிக்கையைச் சேர்க்க ஒவ்வொரு தேவாலயத்திலும் மூன்று சாவி கொண்ட பெட்டி வைக்கும்படி போப் மூன்றாம் இன்னொசென்ட் 1199இல் கட்டளையிட்டார். ஒருவர் மட்டும் திறக்க முடியாத அந்த ஏற்பாடு பிற்காலப் பெட்டிகளிலும் தொடர்ந்தது.

நடு வளைவின் கீழ் நின்றது மரத்தடுப்பு. இடுப்பளவுக்குப் பலகை, அதற்கு மேல் ஊடே பார்க்கக்கூடிய சித்திர வேலை. அதன் உச்சியில் பாடுபட்ட சுரூபம். இரு பக்கமும் மாதாவும் யோவானும். பிற்காலத்தில் தடுப்பின்மேல் ஒரு பரணும் அமைத்து, மெழுகுதிரி ஏற்ற ஆள் ஏறிச்செல்லச் சுவருக்குள்ளேயே படிக்கட்டு வைத்தார்கள். பரண் போன பிறகும் படிகள் தங்கிவிட்டதால், எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத படிக்கட்டுகளை இன்றும் பல தேவாலயங்களில் காணலாம். பரணே தப்பிய இடங்கள் சில. வேல்ஸின் மலைப்பகுதியில் உள்ள பட்ரிஷோ அவற்றுள் ஒன்று. அங்கே ஏறத்தாழ 1500ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓக் மரச் செதுக்கு வேலை முழுசாக இருக்கிறது. தடுப்பின் முன் இரண்டு கற்பீடங்களும் உடைபடாமல் நிற்கின்றன. எட்ட முடியாத ஊரில் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

தடுப்பைத் தாண்டினால் சான்சல். கிழக்குச் சுவரையொட்டிக் கற்பீடம். அதன் தெற்கே சுவரில் குடைந்த சிறு கிண்ணம், அடியில் துளை: பிசீனா. திருப்பலியில் பாதிரியார் கைகளையும் இரசக் கிண்ணத்தையும் கழுவிய நீர் சாதாரண வடிகாலில் போகக் கூடாது. அந்தத் துளை வழியாக நேரே மண்ணுக்குள் இறங்க வேண்டும். பக்கத்திலேயே பாதிரியாருக்கும் இரு துணைவருக்கும் மூன்று கல் இருக்கைகள். ஏழைப் பங்குகளில் சன்னலின் அடிப்பகுதியைத் தாழ்த்தி அதையே இருக்கையாக்கிவிடுவார்கள். வடக்குச் சுவரில் பாத்திரங்கள் வைக்கும் மாடக்குழி.

தெற்குச் சுவரின் மேற்கு மூலையில் தரையை ஒட்டித் தாழ்ந்த ஒரு சன்னல், பல இடங்களில் மரக்கதவோடு. தொழுநோயாளிகள் வெளியிலிருந்து திருப்பலி காண வைத்தது என்று ஊர்க்கதை சொல்லும். ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. அப்பத்தை உயர்த்தும்போது மணியடிக்க வேண்டும், வயலிலும் வீட்டிலும் இருப்போர் கேட்டு மண்டியிட வேண்டும் என்று பேராயர் பெக்கம் 1281இல் விதித்தார். அந்த ஓசை வெளியே போகத் திறந்த சன்னல் என்பதே பொருத்தமான விளக்கம்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? டெவனில் மோர்பாத் என்ற சிற்றூரின் பாதிரியார் கிறிஸ்டபர் டிரிக்கே 1520 முதல் 1574 வரை அங்கே இருந்து கணக்கு எழுதிவைத்தார். சுரூபங்களின் முன் எரியும் விளக்குகளுக்காக ஊரார் தேவாலயத்தின் பேரில் ஆடு வளர்த்திருக்கிறார்கள். கம்பளி விற்ற காசு மெழுகானது. அதே கணக்கில் அந்த உலகம் கலைவதும் பதிவாகியிருக்கிறது. ஆறாம் எட்வர்டின் புராட்டஸ்டன்ட் ஆட்சியில், 1548இல் சுரூபங்களை அகற்ற உத்தரவு. 1550இல் கற்பீடத்தை இடித்து மரமேசை வைக்க உத்தரவு. ஓவியங்கள் வெள்ளையடிக்கப்பட்டன. 1561இல் ராணி எலிசபெத் பரண்களை இறக்கச் சொன்னார், ஆனால் தடுப்பை நிற்க விட்டார். சான்சலுக்கும் நேவுக்கும் நடுவிலான கோடு மதம் மாறியும் அழியவில்லை.

ஓவியங்களைக் காப்பாற்றியதும் அந்த வெள்ளைதான். கெம்ப்லி அப்போஸ்தலர்கள் சுண்ணாம்பின் அடியில் மூன்று நூற்றாண்டுகள் பத்திரமாக இருந்து, 1872இல் வெளிப்பட்டார்கள். பெருஞ்சேதம் 19ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது. புதுப்பிக்கிறோம் என்று காரையைக் கல் தெரியச் சுரண்டியபோது ஓவியமும் தூளாகிப் போயிற்று. இதை எதிர்த்தே வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்.

பழுதுச் செலவுப் பிரிவினை மட்டும் எல்லாவற்றையும் தாண்டி நின்றது. வார்விக்ஷையரின் ஆஸ்டன் கான்ட்லோவில் ஒரு தம்பதியின் பண்ணை நிலம், 18ஆம் நூற்றாண்டில் தசமபாகத்துக்கு ஈடாக ரெக்டருக்குப் பிரித்துக் கொடுத்த நிலம். நிலத்தோடு ரெக்டரின் கடமையும் வந்தது என்று 2003இல், அன்று இறுதி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சான்சல் பழுதுக்காக அவர்கள்மேல் விழுந்த தொகை ஏறத்தாழ 1,87,000 பவுண்டு. பதிவேட்டில் குறிக்கப்படாத இந்தப் பொறுப்பு, 2013 அக்டோபர் 13க்குப் பிறகு விலைக்கு வாங்குவோரைப் பொதுவாகக் கட்டாது என்று சட்டம் மாறிவிட்டது. ஆனாலும் இங்கிலாந்தில் வீடு வாங்குவோருக்காக வழக்கறிஞர்கள் இன்றும் சான்சல் வில்லங்கம் பார்க்கிறார்கள்.