உடல் பருமன் குறைப்பு அறுவைச் சிகிச்சை: ஆண்களும் பெண்களும் அறிய வேண்டியவை

இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றுதல், சிறிய இரைப்பைப் பையை உருவாக்கிச் சிறுகுடலுடன் இணைக்கும் ‘பைபாஸ்’ ஆகிய முறைகள் ஆண், பெண் இருபாலருக்கும் ஒன்றே. எடை குறைவதிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஆபத்து நேரும் காலம் வேறுபடுகிறது. ஆண்களுக்கு அறுவைச் சிகிச்சையை ஒட்டிய நாள்களிலும், பெண்களுக்குப் பின்வரும் ஆண்டுகளிலும் கூடுதல் கவனம் தேவை.

ஆண்களுக்கு

உலகெங்கும் இச்சிகிச்சை பெறுவோரில் பெரும்பான்மையினர் பெண்களே. ஆண்கள் பெரும்பாலும் காலம் தாழ்த்தி, அதிக எடை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றுடன் வருகின்றனர். எனவே சிக்கல்கள் ஏற்படும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம். பலத்த குறட்டையோ பகலில் மிகுந்த தூக்கமோ இருப்பின் மயக்கவியல் மருத்துவரிடம் முன்னரே தெரிவியுங்கள். புகைப்பழக்கத்தை நிறுத்துங்கள்.

பெண்களுக்கு

மாதவிடாயில் இரத்தம் இழக்கப்படுகிறது; சிகிச்சைக்குப் பின் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் குறைகிறது. ஆகவே இரத்தசோகை எளிதில் ஏற்படும். எடை குறையும்போது, மாதவிடாய் சீரற்றிருந்தவர்களும் எதிர்பாராமல் கருவுறக்கூடும். கருவின் வளர்ச்சி பாதிக்கப்படாதிருக்க, 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறுதலைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரைகள் முழுமையாகப் பயன் தராமல் போகலாம். காப்பர்-டி போன்ற மாற்று முறை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது

2024 ஏப்ரலில், தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இச்சிகிச்சைக்குச் சேர்ந்த இளைஞர் உயிரிழந்தார். கட்டணத்தைக் கேட்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

• மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழ் நடப்பில் உள்ளதா?
• தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசக் கருவியும் அங்கேயே உள்ளனவா?
• அறுவைச் சிகிச்சை நிபுணர் இச்சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்றவரா?
• இரவிலும் மருத்துவர் பணியில் இருப்பாரா?

வீடு திரும்பிய பின்

வேகமான நாடித்துடிப்பு, காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

மருத்துவர் பரிந்துரைக்கும் இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றை இருபாலரும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காபியுடன் உட்கொள்ளாதீர்கள். எடை குறைந்துவிட்டது என்பதற்காகப் பரிசோதனைகளை நிறுத்திவிடக் கூடாது. இரத்தசோகை, சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகளை அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.