தீர்ப்புக்குப் பிறகு – 9: ஒரு சதவீதம் எவ்வளவு?

போன வாரம் எம்.ஏ.சி.டி. (மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்) தீர்ப்பு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். மேல்முறையீட்டுக்குள் போகும் முன் கீழ்க்கோர்ட்டில் நான் பார்த்த ஒரு குறுக்கு விசாரணையைச் சொல்லிவிடுகிறேன்.

சாட்சிக் கூண்டில் நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். லாரி மோதி வலது முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்து, பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். ஊனச் சான்றிதழில் 40 சதவீதம். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் இரண்டே கேள்விதான் கேட்டார்.

“இன்னைக்குக் கோர்ட்டுக்கு பஸ் ஏறித்தானே வந்தீங்க?”

“ஆமாங்க.”

“யாரும் தூக்கிட்டு வரலையே?”

“இல்லீங்க.”

வெளியே வேப்பமரத்தடியில் டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: “நடக்க முடியுது சார். மூட்டையோட நடக்க முடியுமான்னு யாரும் கேக்கலையே.”

அவர் கேட்ட அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் காயமடைந்தவர்களின் மேல்முறையீடுகளில் பெரும்பாலானவை ஓடுகின்றன. டாக்டர் தரும் சதவீதம் உறுப்பின் கணக்கு. கோர்ட் பார்க்க வேண்டியது பிழைப்பின் கணக்கு. 2010-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு இதைப் பிட்டுப் பிட்டு வைத்தது. இடது கை துண்டிக்கப்பட்டால் ஊனம் 60 சதவீதம் என்று டாக்டர் சொல்லலாம். அந்தக் கை ஒரு டிரைவருடையதோ தச்சருடையதோ என்றால் வருமான இழப்பு ஏறக்குறைய நூறு. வேலையில் நீடிக்கும் அரசு குமாஸ்தாவுக்கு அந்த இழப்பே இல்லாமலும் போகலாம். சிகிச்சையே தராத டாக்டரிடமிருந்து வாங்கி வரும் ரெடிமேட் சான்றிதழ்களை நம்பாதீர்கள் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. அது யாரைக் குத்தும் என்பது கோர்ட் வளாகத்தில் நடமாடும் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு வழக்கு கர்நாடகத்தில் ஒரு காய்கறி வியாபாரியுடையது. 2008 விபத்தில் வலது காலை எடுத்துவிட்டார்கள். காய்கறியை ஓரிடத்தில் உட்கார்ந்தும் விற்கலாமே, அதற்கு ஓடியாட வேண்டியதில்லையே என்றது உயர் நீதிமன்றம். 2014-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மொத்த மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கெடுப்பது யார், வண்டியைத் தள்ளுவது யார்? ஊனம் 85 சதவீதம் என்று வைத்தது. காய்கறி விற்பவரிடம் சம்பளச் சீட்டு கேட்பது சரியல்ல என்று சொல்லி மாத வருமானத்தை 6,500 ரூபாயாக எடுத்துக்கொண்டது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தொகை இது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எதிர்கால உயர்வுக்கு 50 சதவீதம் சேர்த்தால் மாதம் 9,750. வருடத்துக்கு 1,17,000. வயதுக்கான மல்டிபிளையர் 18-ஆல் பெருக்கினால் 21,06,000. அதில் 85 சதவீதம் 17,90,100 ரூபாய். (சுயதொழில் செய்பவர் நாற்பது வயதுக்குள் இருந்தால், 2017 அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்புக்குப் பிறகு 50 அல்ல, 40 சதவீதம்தான்.) இந்தக் கணக்கில் ஒரு சதவீதத்தின் மதிப்பு 21,060 ரூபாய்.

தொழில் பாதிக்கவில்லை என்று கோர்ட் முடிவுக்கு வந்தால் மல்டிபிளையருக்கே வேலையில்லை. சதவீதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டில் 3,000, அண்மைக் காலத்தில் 5,000 என்பது புழக்கத்தில் உள்ள விகிதம். 5,000 எங்கே, 21,060 எங்கே!

மேல்முறையீடு என்பது கம்பெனி போடுவது, நாம் போய் அதற்குப் பதில் சொல்வது என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 173-வது பிரிவு இரு தரப்புக்கும் பொது. தீர்ப்பு வந்த 90 நாளுக்குள் போட வேண்டும். பணம் கட்ட வேண்டிய தரப்பு போட்டால் 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இதில் எது குறைவோ அதை டெபாசிட் செய்ய வேண்டும். காயப்பட்டவருக்கு அந்தச் சுமை கிடையாது. மனுவில் கேட்டதைவிடக் கூடுதலாகவே கோர்ட் தரலாம். கூடுதலுக்குக் கோர்ட் கட்டணம் கட்டினால் போதும்.

ஆனால் உயர் நீதிமன்றத்தில் புதிதாகச் சாட்சி சொல்ல வைப்பது அபூர்வம். கீழ்க்கோர்ட் கட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் பேச முடியும். டாக்டரை விசாரித்தார்களா, அவரிடம் “இவர் இந்த வேலையைச் செய்ய முடியுமா” என்று கேட்டார்களா, அப்போது என்ன பதிவானது என்பதே பாதி வழக்கு.

அந்த 40 சதவீதக்காரருக்குச் சதவீதக் கணக்கில் 1,20,000 ரூபாய் கிடைத்தது. மேல்முறையீடு போடலாமா என்று என்னிடம் கட்டைக் கொண்டுவந்தார். மனு முழுக்கத் தேடினேன். வாக்குமூலத்திலும் தேடினேன். மூட்டை என்ற சொல்லே எங்கும் இல்லை. தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று மட்டும் டைப் அடித்திருந்தார்கள்.

“மூட்டை தூக்குறதும் கூலிதானே சார்?” என்றார்.