விண்வெளிக் கப்பற்படைக்கு ஆணையிடுவது யார்?

1898ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெட் ஜேன் என்பவர், உலக நாடுகளின் போர்க்கப்பல்களை எல்லாம் படங்களுடன் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். அவர் கடற்போர் விளையாட்டு ஒன்றையும் வகுத்திருந்தார். அதை ஆடுவோருக்கு இந்நூல் துணையாக இருந்தது. அட்டையிலும் வரைபடத்திலும் கப்பல்களை நகர்த்தி ஆடும் இவ்வகை விளையாட்டு, பின்னர் அறிவியல் புனைகதையுடன் சேர்ந்து விண்வெளிக்கும் சென்றுவிட்டது.

இத்தகைய விளையாட்டை அமைப்பவர்கள் விண்கலங்களின் வேகம், ஆயுதங்களின் வலிமை ஆகியவற்றை நுணுக்கமாகக் கணக்கிடுகிறார்கள். பதவிகளுக்கு வரும்போது மட்டும் காதுக்கு இனிய பட்டங்களை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். பத்துக் கலங்களுக்கு ஐந்து அட்மிரல்கள் என்றால் யார் நம்புவார்கள்? உண்மையான கடற்படைகளில் பதவிகள் எவ்வாறு தோன்றின என்பதைத் தெரிந்துகொண்டால் இத்தவறு நேராது.

பதவிகள் பிறந்த கதை

'காப்டன்' என்னும் சொல், தலை எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'லெப்டினன்ட்' என்பது பிரெஞ்சு மொழியில் 'இடத்தில் இருப்பவர்' எனப் பொருள்படும். அதாவது, தலைவர் இல்லாதபோது அவர் இடத்தை ஏற்பவர். 'அட்மிரல்' என்பதற்கு மூலம், தலைவனைக் குறிக்கும் 'அமீர்' என்ற அரபுச் சொல்.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் ஆணைகள் கொடிகளின் மூலம் அனுப்பப்பட்டன. கண்ணுக்கெட்டிய தொலைவுதான் ஆணைக்கும் எல்லை. கப்பல்களோ நீண்ட வரிசையில் செல்லும். பீரங்கிப் புகை வேறு மறைக்கும். ஆகவே பிரிட்டிஷ் கடற்படை தன் வரிசையை மூன்றாகப் பிரித்தது. நடுப்பகுதியில் அட்மிரல் இருப்பார். முன்பகுதியை வைஸ் அட்மிரலும் பின்பகுதியை ரியர் அட்மிரலும் நடத்துவார்கள். 'ரியர்' என்றால் பின்புறம் என்பதுதானே பொருள்! ஒருவருடைய ஆணை எட்டாத இடத்தில் மற்றொருவர் தேவைப்பட்டார். அந்தத் தேவையே பதவியாயிற்று.

இந்த ஏற்பாட்டின் பயன் 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் போரில் தெரிந்தது. பிரிட்டனின் 27 பெரிய போர்க்கப்பல்கள் இரு வரிசைகளாகச் சென்றன. ஒன்றை நெல்சனும் மற்றொன்றைக் காலிங்வுட்டும் நடத்தினர். போரின் நடுவே நெல்சன் குண்டடிபட்டு இறந்தார். ஆயினும் படை கலையவில்லை. அடுத்த தலைவர் காலிங்வுட் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

பிளவுபட்ட தலைமை

இதற்கு மாறான நிகழ்ச்சி 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸ் அருகே லெய்டே வளைகுடாப் போரில் நடந்தது. அங்கே அமெரிக்காவுக்கு இரண்டு கப்பற்படைகள் இருந்தன. ஹால்சியின் மூன்றாம் படை அட்மிரல் நிமிட்ஸின் கீழும், கின்கெய்டின் ஏழாம் படை ஜெனரல் மக்கார்தரின் கீழும் இயங்கின. இருவருக்கும் பொதுவான தலைவர் போர்க்களத்தில் இல்லை.

ஹால்சி ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் துரத்திக்கொண்டு வடக்கே சென்றார். சான் பெர்னார்டினோ ஜலசந்தியை அவருடைய கப்பல்கள் காத்து நிற்பதாகக் கின்கெய்ட் எண்ணிக்கொண்டார். உண்மையில் அங்கே ஒரு கப்பலும் இல்லை. அக்டோபர் 25 காலையில் ஜப்பானியப் போர்க்கப்பல்கள் அவ்வழியே வந்து, ஆறு சிறிய விமானந்தாங்கிகளும் ஏழு துணைக்கப்பல்களும் கொண்ட ஒரு பிரிவைத் தாக்கின. அந்தச் சண்டையில் நான்கு அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கின. நூற்றுக்கணக்கான மாலுமிகள் மாண்டனர். அங்கே கப்பல்களுக்கோ வீரத்துக்கோ குறைவில்லை. யார் எதற்குப் பொறுப்பு என்பதுதான் தெளிவாக இல்லை.

விண்வெளியில் என்ன ஆகும்?

வானொலி அலையும் ஒளியின் வேகத்தில்தான் செல்கிறது. பூமியிலிருந்து சந்திரனுக்கு ஒரு செய்தி போய்ச் சேரச் சுமார் 1.3 விநாடி ஆகும். செவ்வாய்க்கு, அது இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். நெப்டியூனுக்குச் சுமார் 4 மணி நேரம் ஆகும்.

தலைமைக் கலத்திலிருந்து 15 ஒளி நிமிடத் தொலைவில் ஒரு பிரிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்மிரல் தம் திரையில் காண்பது 15 நிமிடத்துக்கு முந்தைய நிலை. அதைப் பார்த்தவுடனேயே அவர் ஆணை அனுப்பினாலும், அது போய்ச் சேர இன்னும் 15 நிமிடம் ஆகும். ஆக மொத்தம் அரைமணி நேரம்! விளையாட்டில் ஒரு சுற்று 5 நிமிடம் என்றால், இது ஆறு சுற்றுகள். அதற்குள் அந்தப் பிரிவே அழிந்துபோகலாம். எனவே அங்கே தாமாகவே முடிவெடுக்கும் உரிமை பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும். அவருக்கு என்ன பட்டம் வேண்டுமானாலும் சூட்டுங்கள். உரிமையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஒரு மாதிரிப் படை

இனி 36 கலங்களைக் கொண்ட ஒரு படையை அமைத்துப் பார்ப்போம். ஒருவர் நேரடியாக நடத்தக்கூடியது மூன்று அல்லது நான்கு அலகுகள் என்று கொள்வோம். நான்கு கலங்கள் சேர்ந்தது ஒரு டிவிஷன். ஆகவே ஒன்பது டிவிஷன்கள். மூன்று டிவிஷன்கள் சேர்ந்தது ஒரு ஸ்குவாட்ரன். ஆகவே மூன்று ஸ்குவாட்ரன்கள். டிவிஷனை அதிலுள்ள காப்டன்களில் மூத்தவர் நடத்துவார். ஒரு ஸ்குவாட்ரனுக்கு ரியர் அட்மிரலும் மற்ற இரண்டுக்கும் கமடோர்களும் போதும். முழுப் படைக்கும் ஒரு வைஸ் அட்மிரல். இப்படியாக 36 கலங்களுக்கு உயர் தலைவர்கள் நால்வர் மட்டுமே.

எல்லாக் கலங்களுக்கும் காப்டன் பதவியினர் தேவையில்லை. பழைய பிரிட்டிஷ் கடற்படையில் 20 பீரங்கிகளுக்குக் குறைந்த கப்பலைக் கமாண்டரோ லெப்டினன்டோ நடத்தினார். ஆனாலும் தம் கப்பலில் அவரே 'காப்டன்'. பதவி வேறு, பொறுப்பு வேறு. தரைப்படையின் காப்டனோடும் இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடற்படைக் காப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமமானவர்.

விளையாட்டின் விதிகளில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, தொலைவிலுள்ள பிரிவுக்கு எழுதும் ஆணை, ஒளி சென்றடையும் நேரம் கழித்தே செயற்படும். இரண்டாவது, தலைமைக் கலம் அழிந்தால் அடுத்து ஆணையிடுபவர் யார் என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளுடன் நண்பர்களோடு ஒருமுறை ஆடிப் பாருங்கள். ஆணை போய்ச் சேருவதற்குள் நிலைமை மாறிவிடும்போது, ஒரு ரியர் அட்மிரல் எதற்காக இருக்கிறார் என்பது நன்கு விளங்கும்.