எடைமேடையில் நின்ற லாரி

மணலி, திருவொற்றியூர் பக்கத்து கன்டெய்னர் யார்டுகளில் எடைமேடைக்கு சாஃப்ட்வேர் எழுதுவது என் பிழைப்பு. லாரி மேடை ஏறியதும் எடை கேபிள் வழியாக கம்ப்யூட்டருக்கு வரும். அதை வாங்க ஒரு த்ரெட், சீட்டு அச்சடிக்க இன்னொரு த்ரெட். ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் இரண்டு வேலைகள் இவை.

ஒரு யார்டில் யாரோ எழுதிக் கொடுத்திருந்த புரோகிராமில், அச்சடிக்கும் த்ரெட் 'எடை வந்ததா, வந்ததா' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே சுற்றியது. எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் போகக் காத்து நிற்கும் டிரெய்லர், முன்வண்டி எப்போது நகருமோ என்று என்ஜினை அணைக்காமல் டீசலை எரிக்குமே, அந்த மாதிரி. கேபினில் இருந்ததோ ஒற்றைக் கோர் கம்ப்யூட்டர். கேட்பவனே சி.பி.யு.வைப் பிடித்துக்கொண்டால் எடையை வாங்க வேண்டியவனுக்கு எப்போது முறை வரும்?

இதற்கு வழி 1960-களிலேயே கிடைத்துவிட்டது. நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா செமஃபோரைக் கொண்டுவந்தார். காத்திருப்பவனை ஆபரேட்டிங் சிஸ்டம் தூங்க வைத்துவிடும். மற்றவன் வேலையை முடித்துச் சொன்னதும் எழுப்பும். இன்று நாங்கள் அதிகம் புழங்குவது அதன் பின்வந்த கண்டிஷன் வேரியபிளை.

அந்த யார்டிலும் ஒருவர் த்ரெடைத் தூங்க வைத்தார். அதன்பிறகு எப்போதாவது ஒரு லாரி மேடையிலேயே நிற்கும், சீட்டு வராது. டிரைவர் ஹாரன் அடிப்பார்.

நடந்தது இதுதான். த்ரெட் பார்க்கிறது, எடை இல்லை. தூங்கப் போகிறது. சரியாக அந்த இடைவெளியில் எடை வந்து, 'எழுந்திரு' என்ற குரலும் போய்விடுகிறது. இன்னும் தூங்காதவனுக்கு அந்தக் குரலால் என்ன பயன்? பிறகு தூங்குகிறவனை எழுப்ப யாரும் இல்லை.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பிடிக்க முடிகிற லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். எடையை வைப்பவனும் அதே லாக்கைப் பிடித்தே வைக்க வேண்டும். கண்டிஷன் வேரியபிளின் 'வெயிட்', லாக்கை விடுவதையும் தூங்கப் போவதையும் இடையில் எவரும் நுழைய முடியாத ஒரே செயலாகச் செய்துவிடும். எழுந்தாலும் நம்பக் கூடாது. வேறொரு த்ரெட் அதற்குள் எடையை எடுத்திருக்கலாம். யாரும் எழுப்பாமலே விழிப்பதும் உண்டு. ஒருமுறை மட்டும் பார்க்கும் 'இஃப்' போதாது, 'வைல்' போட்டு மறுபடி பார்க்க வேண்டும். வேலை கேட்டு வரும் பையன்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சுற்றுவதே பாவம் என்றும் சொல்லமாட்டேன். தூங்கி எழுவதற்கும் நேரச் செலவு உண்டு. காத்திருப்பு அதைவிடக் குறைவென்றால் சுற்றுவதே லாபம். லினக்ஸ் கெர்னலுக்குள், சுற்றியபடியே காத்திருக்கும் ஸ்பின்லாக் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எடைமேடைக்கு அது ஆகாது; லாரி ஏறி, ஆட்டம் நின்று, எடை நிலைக்கவே பல நொடிகள் ஆகும்.