இரண்டு விநாடி ஒளி

2017-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி, பூமியைச் சுற்றிவரும் பெர்மி என்னும் செயற்கைக் கோள் ஒரு காமாக் கதிர் வெடிப்பைக் கண்டது. அது நீடித்ததோ சுமார் இரண்டே விநாடி. எனினும், அந்த இரண்டு விநாடி அரை நூற்றாண்டுக் காலப் புதிரொன்றை அவிழ்த்துவிட்டது என்று கூறுவது மிகையாகாது.

இவ்வகை வெடிப்புகளை முதலில் கண்டவை வான சாஸ்திரத்துக்காக அனுப்பப்பெற்ற கருவிகள் அல்ல. ரஷ்யா மறைவாக அணுகுண்டுச் சோதனை நடத்துகிறதா என்று வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக் கோள்களே 1967-ல் அவற்றைக் கண்டன. செய்தி உலகுக்கு வெளியானது 1973-ல்தான். கதிர் வந்தது தெரிந்தது. எதிலிருந்து வந்தது என்பது தெரியவில்லை.

சூரியனினும் மிகுந்த எடை சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள உருண்டைக்குள் அடங்கியிருப்பதே நியூட்ரான் நட்சத்திரம். அத்தகைய இரண்டு ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி, முடிவில் மோதி ஒன்றாகும்போதுதான் குறுகிய கால வெடிப்புகள் தோன்றுகின்றன என்று விஞ்ஞானிகள் ஊகித்திருந்தனர். ஊகம் அன்று ருசுவாயிற்று. கதிர் வந்து சேர்வதற்கு 1.7 விநாடி முன்னதாக, அம்மோதலின் ஈர்ப்பு அலைகள் அமெரிக்காவிலுள்ள இரண்டு லைகோ நிலையங்களில் பதிவாகியிருந்தன.

மோதல் நிகழ்ந்த இடம் எவ்வாறு தெரிந்தது? இத்தாலியிலுள்ள விர்கோ நிலையம் அவ்வலையை மிக மங்கலாகவே உணர்ந்தது. அம்மங்கலே துப்பாக உதவிற்று. அந்நிலையம் நன்கு உணர இயலாத திசை எதுவோ அங்கே தேடலாயினர். பதினொரு மணி நேரத்துக்குள், சிலி நாட்டிலுள்ள ஸ்வோப் தொலைநோக்கி சுமார் 13 கோடி ஒளி வருஷத் தொலைவிலுள்ள நட்சத்திர மண்டலமொன்றில் புதிய ஒளியைக் கண்டது. சுமார் எழுபது வான ஆராய்ச்சி நிலையங்கள் அதை நோக்கித் திரும்பின. நம் நாட்டில், புணே அருகிலுள்ள ராட்சத ரேடியோ தொலைநோக்கியும் அதன் பின்னொளியை ஆராய்ந்தது. தங்கம், பிளாட்டினம் முதலிய கனமான உலோகங்கள் இத்தகைய மோதல்களில் பிறக்கின்றன என்னும் கொள்கை அவ்வொளியால் வலுப்பெற்றது. நம் பெண்மணிகளின் தாலிப் பொன்னுக்கும் இப்படியொரு பூர்வ சரித்திரம் இருக்கலாம்!

வேவுக் கருவிகளால் தொடங்கிய கதை, பல தேசங்களின் கூட்டுறவால் தெளிவடைந்ததை நாம் கவனிக்க வேண்டும். நிலையங்கள் பூமியின் பல பாகங்களிலும் இருந்தாலன்றி மோதலின் திசையைச் சரிவரக் குறிக்க முடியாது. மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி ஜில்லாவில் லைகோ நிலையம் அமைக்க மத்திய சர்க்கார் 2016-ல் கொள்கையளவில் சம்மதித்தது. சுமார் 2,600 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு முடிவான அங்கீகாரம் கிடைத்தது 2023 ஏப்ரலில்தான். ஏழு வருஷங்கள் ஏட்டிலே கழிந்தன. வானம் நமக்காகக் காத்திராது. இரண்டு விநாடியில் வந்து மறையும் செய்தியைத் தவறவிட்டால் மறுபடி கேட்க வழியில்லை. இனியேனும் தாமதமின்றி இப்பணி நிறைவேற வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.